திரும்பும் வேளை

மலையேறுவோர் பலர் உச்சியை எய்துவதையே வெற்றியெனக் கருதுவர். ஏறுமுன்னரே திரும்பும் வேளையை வரையறுத்துக்கொள்வதே மெய்த் துணிவு என்பது எமது கருத்து.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்திலுள்ள ரெயினியர் மலையை நோக்குவோம். 14,410 அடி உயரமுள்ள அம்மலையில் கோடையிலும் பனி மறைவதில்லை. 5,400 அடியிலுள்ள பாரடைஸ் என்னுமிடத்தினின்று ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளுடன் புறப்பட்டு, 10,000 அடிக்கு மேலுள்ள மியூர் முகாம்வரை ஏறிச் சறுக்கி இறங்குவோர் ஜூலை மாதத்தும் உளர். காலையில் வானம் தெளிந்திருக்கும். பசிபிக் கடலினின்று வரும் ஈரக்காற்றோ சில நாழிகைக்குள் மேகத்தைக் கவிக்கும். அப்பொழுது நிலமும் வானும் ஒரே வெண்மையாகும். மேடு பள்ளம் தோன்றா. மேற்கே நிஸ்குவாலி, கிழக்கே பாரடைஸ் என இருமருங்கும் பனியாறுகள். அவற்றில் ஆழ்ந்த பிளவுகள். வழி சிறிது பிறழினும் உயிர்க்கு ஏதமாம்.

ஆதலின், வானிலை அறிக்கையைப் புறப்படும் காலையிலும் நோக்குக. இறங்கும் வழியின் திசைக்கோணங்களை எழுதித் திசைகாட்டியுடன் கொண்டு செல்க. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி உண்டே என்பர்; கடுங்குளிரில் அதன் மின்கலம் தளர்வதும் உண்டு. இன்ன மணிக்குள் முகாமை அடையாவிடினும், மேகம் இறங்கக் காணினும் திரும்புவோம் எனத் தோழர் அனைவரும் அடிவாரத்திலேயே உடன்படுக. மேலே சென்றபின் களைப்பும் ஆசையும் அறிவை மயக்கும்.

இத்துணை அச்சமுடையார் வீட்டிலிருக்கலாமே எனச் சிலர் நகைப்பர். அச்சமுடையார் ஏறவே மாட்டார். முன்னறிவுடையாரோ மறுமுறையும் ஏறுவர். மலை நாளையும் அங்கேயே நிற்கும். நாமும் இருத்தல் வேண்டுமன்றோ?