பக்கத்து வீட்டுக்காரனோடு மோத மைதானம் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



சாம்சங்குக்கும் யமஹாவுக்கும் ஒரு ஃபைனல் மேட்ச் நடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? டி.வி. விற்பதில் இல்லை, பைக் விற்பதிலும் இல்லை. கால்பந்தில்! 2001ஆம் ஆண்டு மே மாதம், தென்கொரியாவின் சுவோன் நகரத்தில், ஆசியக் கிளப்புகளின் சாம்பியன் யார் என்று முடிவு செய்த ஆட்டம் அது. ஒரு பக்கம் சாம்சங் கம்பெனி 1995ல் ஆரம்பித்த சுவோன் சாம்சங் புளூவிங்ஸ். எதிர்ப்பக்கம் யமஹா மோட்டார் கம்பெனி அணியாகப் பிறந்து வளர்ந்த ஜப்பானின் ஜூபிலோ இவாடா. 1-0 என்ற கணக்கில் சாம்சங் ஜெயித்தது.

நமக்கு இந்தப் பெயர்கள் புதுசா என்ன? சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் சாம்சங். வல்லம் வடகாலில் யமஹா. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து 2010ல் திறந்த கார் தொழிற்சாலை. கம்பெனி பஸ்ஸிலும் மதில் சுவரிலும் இருக்கிற இந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் நம்மில் பலபேர் இங்கிலீஷ் வாசிக்கவே பழகினோம். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கால்பந்து உலகமே இருக்கிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. அதைப்பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

கொரியாவும் ஜப்பானும்

கொரியாவில் தொழில்முறை லீக் 1983ல் தொடங்கியது. ஜப்பானின் ஜே-லீக் 1993ல்தான் வந்தது. இரண்டு நாட்டிலும் பல கிளப்புகளுக்கு வேர் தொழிற்சாலையில்தான் இருக்கிறது. யோகோஹாமா எஃப். மரினோஸ் 1972ல் நிஸான் கம்பெனி அணியாக ஆரம்பித்தது. உராவா ரெட்ஸ் மிட்சுபிஷி அணியாக இருந்தது. கொரியாவில் ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ் 2006லும் 2016லும் ஆசிய சாம்பியன் ஆனது. ஹூண்டாய் பெயரோடு வளர்ந்த இன்னொரு கிளப்பான உல்சான், 2012லும் 2020லும் அதே கோப்பையைத் தூக்கியது.

இந்த இரண்டு நாட்டு கிளப்புகளும் ஆசியப் போட்டிகளில் திரும்பத் திரும்ப மோதிக்கொள்கின்றன. 2024 ஏப்ரலில் நடந்த அரையிறுதியில் யோகோஹாமாவும் உல்சானும் இரண்டு ஆட்டம் ஆடியும் கோல் கணக்கு 3-3 என்று சமமாக நின்றது. கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் 5-4 என்று யோகோஹாமா ஃபைனலுக்குப் போனது. நிஸான் வேரும் ஹூண்டாய் வேரும் நேருக்கு நேர்! நம்ம ஊர் டீக்கடையில் இரண்டு கம்பெனி யூனிஃபார்ம் போட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025 வரை ஆசியாவின் முதன்மைக் கிளப் கோப்பையைக் கொரியக் கிளப்புகள் 12 முறையும் ஜப்பான் கிளப்புகள் 8 முறையும் வென்றிருக்கின்றன. எனக்குத் தோன்றுவது இதுதான்: பக்கத்து வீட்டுக்காரனிடம் தோற்கக் கூடாது என்ற ரோஷம் இரண்டு பேரையுமே மேலே தூக்கிவிட்டிருக்கிறது.

நம்ம ஒர்க்ஷாப்பில் ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். லேத்தில் கடைந்த ஜாப் சரியாக இருக்கிறதா என்று அந்த ஜாப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கேஜ் வேண்டும். அந்த கேஜ் வெளியில் இருந்து வரவேண்டும். ஒரு நாட்டு லீக்கும் அப்படித்தான். நமக்குள்ளேயே ஆடி, நமக்குள்ளேயே கப் வாங்கி, நமக்குள்ளேயே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தால் நம் அளவு நமக்கே தெரியாது. பக்கத்து நாட்டு சாம்பியன் வந்து ஆடினால்தான் எத்தனை தேய்க்க வேண்டும், எத்தனை ஏற்ற வேண்டும் என்று தெரியும்.

நமக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு

நமக்கு அப்படி ஒரு ஆட்டமே கிடைக்கவில்லையா? கிடைத்தது! வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் போன்றவர்கள் ஆடிய சென்னையின் எஃப்.சி., 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாம் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அதனால் 2019 ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடும் தகுதி வந்தது. முதலில் யாரோடு தெரியுமா? இலங்கையின் கொழும்பு எஃப்.சி.யோடு!

கொழும்பில் நடந்த முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது ஆட்டம் நமது சொந்த மைதானத்தில். அதில் ஜெஜெ லால்பெக்லுவா அடித்த ஒரே கோலில் சென்னை ஜெயித்தது. ஆகா என்று கைதட்டத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்தச் ‘சொந்த மைதானம்’ இருந்தது அகமதாபாத்தில்!

ஆமாம் நண்பர்களே, குஜராத்தின் அகமதாபாத். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். எதிரணியின் ஊர் நமக்குப் பக்கம், நம்முடைய சொந்த மைதானம் நமக்குத் தூரம்! இலங்கை அணி என்பதால் மட்டும் அங்கே போகவில்லை. அடுத்து வந்த லீக் சுற்றில் பஞ்சாபின் மினர்வா, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்டி, வங்கதேசத்தின் அபஹானி ஆகிய மூன்று அணிகளோடு சென்னை ஆடிய சொந்த மைதான ஆட்டங்களும் அங்கேதான் நடந்தன. டாக்காவில் அபஹானி தன் ஜனங்களுக்கு முன்னால் ஆடி நம்மை 3-2 என்று தோற்கடித்தது. முடிவில் அபஹானிக்கு 13 புள்ளி, சென்னைக்கு 11. இரண்டே புள்ளியில் நாம் வெளியே. அந்தப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போன முதல் வங்கதேச அணி என்ற பெருமை அபஹானிக்கு. நேரு ஸ்டேடியத்தில் நம்ம ஜனம் கத்தியிருந்தால் அந்த இரண்டு புள்ளி வந்திருக்குமா? யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சென்னைப் பையன் ஒருத்தன் அந்த ஆட்டங்களை நேரில் பார்த்திருப்பான். அவன்தான் எனக்கு முக்கியம்.

அந்த ஏ.எஃப்.சி. கோப்பையும் 2024ல் முடிந்து, அதன் இடத்தில் வேறு போட்டிகள் வந்துவிட்டன. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள். வாய்ப்பு என்பது மாநகர பஸ் மாதிரி. போனால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

“இலங்கையோடு என்ன விளையாட்டு?”

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதினால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. 2012 செப்டம்பரில், இங்கே விளையாட வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்து மாணவர்களை அன்றைய தமிழக அரசு திருப்பி அனுப்பியது. நேரு ஸ்டேடியத்தில் ஆட அனுமதி தந்த அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். 2013 ஐ.பி.எல்.லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடவில்லை. 2009ல் அங்கே நம் இனத்துக்கு நடந்த கொடுமையை நினைத்தால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. அந்தக் கோபத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். ஜப்பான் கொரியாவை 1910 முதல் 1945 வரை அடிமையாக வைத்திருந்தது. கொரிய மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே விரட்டியது. அந்தக் காயம் கொரியர்களுக்கு ஆறிவிட்டதா? இல்லை. ஆனால் அவர்கள் ஜப்பான் அணியை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, 90 நிமிடம் ஓடவிட்டு, ஜெயித்துக் காட்டினார்கள். 2002ல் இரண்டு நாடும் சேர்ந்து உலகக் கோப்பையையே நடத்தின.

2025 டிசம்பரில் தெற்காசியப் பெண்கள் கிளப் போட்டி முதல்முறையாக காத்மாண்டுவில் நடந்தது. இந்தியாவின் ஈஸ்ட் பெங்காலும் ஆடியது, பாகிஸ்தானின் கராச்சி சிட்டியும் ஆடியது. அதே வருஷம் மே மாதம் இரண்டு நாடும் குண்டு போட்டுக்கொண்டதை நாம் டி.வி.யில் பார்த்தோம். அப்படிப்பட்ட வருஷத்திலும் அந்தப் பெண்கள் ஒரே போட்டியில் பந்து உதைத்தார்கள். கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வாங்கியது. ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்!

இன்னொன்றும் யோசியுங்கள். இலங்கையிலிருந்து ஒரு அணி வந்தால் அதில் யாழ்ப்பாணத்துப் பையனும் மன்னார்ப் பையனும் இருக்கலாம். நாம் கதவைச் சாத்தினால் அவனுக்கும்தான் சாத்துகிறோம். 2019ல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டார்கள். 2023ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஆள் போகலாம், சரக்கு போகலாம், பந்து மட்டும் போகக் கூடாதா?

“பந்து சோறு போடுமா?”

இதைக் கேட்பவர் என் அப்பா. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்கிறார். “நீ படிச்சி அப்ரண்டிஸ் ஆனா போதும்டா, காலை ஒடச்சிக்காதே” என்பார். அவர் பயம் நியாயமானது. காலை உடைத்துக்கொண்டால் ஷிப்ட் போக முடியாது. ஷிப்ட் போகாவிட்டால் சம்பளம் இல்லை.

ஆனால் அப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இது. இந்தக் கம்பெனிகளைத் தொடங்கிய நாட்டிலும் தொழிலாளி ஷிப்ட் பார்த்தவன்தான். அங்கே தொழிற்சாலையோடு கூடவே மைதானமும் வந்தது, அணியும் வந்தது. மெஷினைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள், வேலை முறையைக் கொண்டுவந்தார்கள், அஞ்சு நிமிஷம் முன்னால் லைனில் நிற்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். அந்த மைதானத்தையும் கொண்டுவாருங்கள் என்று கேட்பதில் என்ன தப்பு? மனுஷன் உழைக்க மட்டுமா பிறந்தான்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரகடம் பக்கம் காலி மனைகளைப் பாருங்கள். அஸ்ஸாம், மணிப்பூர், ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்த பையன்கள் செருப்பை கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்கள். நம்ம ஊர்ப் பையன்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். பாஷை புரியாது, பாஸ் மட்டும் புரியும். திறமை இங்கேயே இருக்கிறது. இல்லாதது கோடு போட்ட ஒரு மைதானம்தான்.

நான் கேட்பது

பேசிவிட்டுக் கலைந்தால் போதாது என்பதால் மூன்றே மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, இனி தமிழ்நாட்டு அணி எதற்கு ஆசியப் போட்டியில் ஆடத் தகுதி கிடைத்தாலும், சொந்த மைதான ஆட்டம் தமிழ்நாட்டில்தான் நடக்க வேண்டும். அதற்கேற்றபடி ஸ்டேடியத்தை அரசாங்கம் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இரண்டு, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் கம்பெனிகளுக்குள் ஒரு லீக் நடக்க வேண்டும். பெர்மனென்ட், கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், வடகிழக்குப் பையன் என்ற பேதம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று இருக்க வேண்டும். பாலிடெக்னிக் அணிகளுக்கும் இடம் வேண்டும். தோழியருக்குத் தனியாக ஒரு போட்டி கட்டாயம் வேண்டும்.

மூன்று, அந்த லீக்கில் ஜெயிக்கிற அணி வருஷத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு அணியைக் கூப்பிட்டு ஆட வேண்டும். அடுத்த வருஷம் நாம் அங்கே போக வேண்டும்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று சிலர் சிரிப்பீர்கள். 2016ல் பெங்களூரு எஃப்.சி. ஏ.எஃப்.சி. கோப்பை ஃபைனல் வரை போய், தோஹாவில் ஈராக் விமானப்படை அணியிடம் 1-0 என்றுதான் தோற்றது. அந்தக் கிளப் பிறந்து அப்போது மூன்றே வருஷம்! அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

முதல் இரண்டு கோரிக்கை பெரியவர்கள் கையில். மூன்றாவதற்கு முதல் கடிதத்தை நம் மாணவர் சங்கமே எழுதலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்பது பிறகு. முதலில் ஆட்டம் நம்ம ஊரில் நடக்கட்டும்!