விடுதி விற்கும் தெரு

சார்ஸ் பரவிப் பயணிகள் வரத்து சரிந்த அதே 2003ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரின் கியோங் சைக் சாலையில் ‘ஹோட்டல் 1929’ திறக்கப்பட்டது. ஐந்து கடைவீடுகளை இணைத்து 32 அறைகள், பெரும்பாலானவை சின்னஞ்சிறியவை. வழக்கறிஞராக இருந்து விடுதித் தொழிலுக்கு வந்த லோ லிக் பெங், தாம் சேகரித்த பழைய நாற்காலிகளை அங்கே கொண்டுவந்து போட்டார். விருந்தினர் கொடுத்த காசில் பெரும்பங்கு வெளியே இருந்த தெருவுக்கானது. 1960களில் சிவப்பு விளக்குப் பகுதி என்று பெயரெடுத்த தெருவின் பழங்கதையே விளம்பரமாயிற்று.

‘பூட்டிக்’ விடுதி விற்பதில் பாதி, அதற்குச் சொந்தமில்லாத சரக்கு. நம் தொழிலில் இருப்போர் இதை மறந்துவிடக் கூடாது.

சைனாடவுன் கடைவீடுகளுக்கு 1989இல் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. முகப்பையும் கூரையையும் ஐந்தடிப் பாதையையும் பேணவேண்டும் என்றது நகர மறுசீரமைப்பு ஆணையம். பழைய வாடகைக்காரர் அங்கேயே தொடரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, 1947 முதல் இருந்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. கட்டடத்துக்குக் காப்பு வந்தது. குடியிருந்தவருக்கு இருந்த காப்பு போயிற்று.

மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொண்டது. கியோங் சைக் சாலை முச்சந்தியில் 1939இல் எழுந்த கட்டடத்தில் காயா ரொட்டியும் காப்பியும் விற்றுவந்த ‘தோங் ஆ’ கடை, 2013இல் எதிர்ச்சாரிக்கு இடம் மாறியது. மறு ஆண்டே பழைய கட்டடத்தில் ‘பொட்டேட்டோ ஹெட் ஃபோக்’ உணவகமும் மதுக்கூடமும் வந்தன. முகப்பில் தோங் ஆவின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதே தெருவில் அசையாமல் நிற்கிறது லயன் சித்தி விநாயகர் கோயில். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் அண்ணனைப் பார்க்க இங்கே வந்து, மாலையில் திரும்புகிறார். இரண்டு கோயில்களும் நகரத்தார் நிர்வாகத்தில் இருக்கின்றன. வாடகைக்குக் கடை வைத்தவருக்கு அப்படி அசையாமல் நிற்கும் தெம்பு கிடையாது.

நியூயார்க்கில் நடந்தது வேறு. அங்கே 2009இல் ஏஸ் ஹோட்டல் திறந்த கட்டடம், 1904ஆம் ஆண்டின் பிரெஸ்லின் விடுதி. பின்னாளில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டது. வாடகைச் சட்டத்தின் காப்புப் பெற்றிருந்தவர்களில் சிலர் வெளியேற மறுத்து வழக்காடினார்கள். புதிய விடுதி வந்த பிறகும் விருந்தினர் அறைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். விடுதியின் வியாபாரம் அதனால் முடங்கிவிடவில்லை.

அத்தகைய சட்டம் இல்லாத ஊரில் பொறுப்பு விடுதியாளர் தலையில் விழுகிறது. காலை உணவைக் கட்டணத்தோடு சேர்த்துவிடாமல், பக்கத்துக் காப்பிக்கடைக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பலாம். சலவைக்கும் பூவுக்கும் ரொட்டிக்கும் அக்கம்பக்கத்தில் ஆள் தேடலாம். வேலைக்கு எடுக்கும்போது அந்த வட்டாரத்து முகவரிகளை முதலில் பார்க்கலாம். திருவிழா நாளின் மேளச்சத்தத்தை முன்பதிவின்போதே விருந்தினரிடம் சொல்லிவைக்கலாம். பிறகு தெருவைக் குறைசொல்ல வேண்டியிராது.

இவற்றால் வாடகை இறங்கிவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும். ஆனால் தெருவைக் காட்டிச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கு தெருவுக்கே திரும்பும். கொள்முதல் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க இருக்கும் மேலாளர்கள், விடுதியிலிருந்து கால் மணி நேர நடைக்குள் இருக்கும் கடைகளுக்கு அவற்றில் எத்தனை போகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.