தங்கவயலின் பட்டறை அறிவு

கர்நாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையில் உள்ள ஊர் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வடஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் வந்து குடியேறினர். அவர்கள் உழைப்பால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் இவ்வூர்ச் சுரங்கங்களுக்கே முதலில் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று இவ்வூர் மக்கள் பலர் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

சுரங்கம் மூடியதால், அதை நடத்திய தொழிலறிவும் பயனற்றுப் போயிற்று எனக் கருதுவோர் உளர். அக்கருத்து தவறானது. அவ்வறிவுக்கு வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் வேலை இருக்கிறது.

சுரங்கத்துள் வேலை தொடங்குமுன், தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியானது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளவு உண்டு. உயிரைக் காத்த இச்செவியறிவு வீட்டுக்கும் பொருந்தும். சுவர்ப் பூச்சு எங்கே விட்டிருக்கிறது, தரை ஓட்டின் அடியில் எங்கே வெற்றிடம் உள்ளது என்பதைத் தட்டியே அறியலாம். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் பாட்டி செய்வதும் இதே சோதனைதான்.

ஆழம் மிக மிக வெப்பமும் மிகும். ஆதலால் ஒரு குழி வழியே காற்றை உள்ளிறக்கி, மற்றொரு குழி வழியே வெளியேற்றுவர். காற்று நகர வேண்டுமானால் நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஒரே சன்னல் உள்ள சமையலறையில் புகை தங்குவதன் காரணமும் இதனால் விளங்கும். எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி ஒரு திறப்பு அமைத்தால், சூடேறி மேலெழும் புகை வெளியேறும்.

பழுது நீக்கும் முறையும் பட்டறை தந்த செல்வமே. இயந்திரம் நின்றால், தேர்ந்த தொழிலாளர் முதலில் அதன் ஆற்றலைத் துண்டிப்பார். பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்துக் காரணத்தைக் காண்பார். அதன் பின்னரே பழுதான உறுப்பை மட்டும் மாற்றுவார். வீட்டில் குழாய் சொட்டினால் முழுக் குழாயையும் மாற்றுவோர் பலர். நீரை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் தேய்ந்த வாஷர் ஒன்றே காரணமாக இருக்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் நோயுற்றோர் பலர். ஆழத்தின் அழுத்தத்தால் பாறை வெடித்துச் சிதறியதில் உயிரிழந்தோரும் பலர். தம் பிள்ளைகள் கையில் கரி படாமல் வாழவேண்டும் எனப் பெற்றோர் விரும்பியது நியாயமே. ஆயினும், விட்டொழிக்க வேண்டியது அந்தத் துன்பத்தை மட்டுமே. அத்துன்பத்தினிடையே ஈட்டிய அறிவை அதனுடன் சேர்த்து எறிந்துவிடுவது இழப்பாகும்.

இவ்வறிவின் பெரும்பகுதி நூல்களில் இல்லை. முதியோரின் கைகளிலும் அவர்களது தமிழிலும் இருக்கிறது. அரம், உளி, திருப்புளி, தூக்குக்குண்டு முதலிய சொற்களைப் பேரப்பிள்ளைகள் அறியாவிடில், சொல்லும் மறையும், செயலும் மறையும். 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர் புத்தகப்பையின்றிப் பத்து நாள்கள் உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயில வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. தங்கவயலின் பள்ளிகள் அவ்வல்லுநரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளர் பள்ளிக்கு அருகிலேயே வாழ்கின்றனர். அவர்களை ஆசிரியராக அழைத்தால், மாணவர்க்குத் தொழிலும் மொழியும் ஒருங்கே வாய்க்கும்.