0.45 புள்ளி: சராசரிகள் சொல்வதும் சொல்லாததும்

அல்ஸைமர் நோய்க்கு வந்திருக்கும் லெகனமேப் மருந்து பற்றி இங்கிலாந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: 'வேலை செய்கிறதா?' இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதே என் எண்ணம்.

2022 நவம்பரில் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் 1795 பேர். பாதிப்பேருக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் திரவம். நினைவாற்றல், தன்னைக் கவனித்துக்கொள்ளல் உள்ளிட்ட ஆறு அம்சங்களுக்கு 0 முதல் 18 வரை புள்ளிகள். புள்ளி ஏறினால் நோய் முற்றுகிறது என்று பொருள். 18 மாதங்களில் மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.21 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 1.66. வித்தியாசம் 0.45.

எந்த இரு குழுக்களின் சராசரியும் அச்சாக ஒத்துப்போகாது. ஆகவே, மருந்தால் பயனே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர என்ன வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் கோசெட், 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட டி சோதனை இவ்வழியில் முன்னோடி. லெகனமேப் ஆய்வின் கணக்கு அதைவிடச் சிக்கலானது. அடிப்படைத் தர்க்கம் இதுதான். கிடைத்த விடை: ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு.

இதைக் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம்' என்று எழுதுகிறோம். வாசிப்பவரோ 'பெரிய வித்தியாசம்' என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அச்சொல்லுக்கு, தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்பதற்கு மேல் பொருளில்லை. ஆட்களை நான்கு மடங்காக்கினால் சராசரியின் திட்டப்பிழை பாதியாகும். போதிய ஆட்களைச் சேர்த்தால் கடுகளவு வித்தியாசமும் தேறிவிடும்.

0.45 கடுகா, மலையா? நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்பார்கள் ஆதரவாளர்கள், கணக்கு சரிதான். ஆனால் அந்த அளவுகோலில் ஒருவருக்கு ஏறக்கூடிய மிகச்சிறிய படியே 0.5. எதிர்ப்பக்கத்தில், மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது, மற்றவர்களில் 1.7 சதவீதம். அமெரிக்காவில் அறிமுக விலை ஆண்டுக்கு 26,500 டாலர்.

2024 ஆகஸ்ட் 22 அன்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதற்கு அனுமதி வழங்கியது. அதே நாளில், பொதுச் சுகாதாரச் சேவைக்கு ஆலோசனை சொல்லும் நைஸ் அமைப்பு, செலவுக்கேற்ற பயனில்லை என்று வரைவு அறிக்கை தந்தது. முரண்பாடில்லை, ஒரே 0.45ஐ வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார்கள்.

பெற்றோருக்காக முடிவெடுக்கும் நம்மவர்கள் 'நிரூபிக்கப்பட்டதா?' என்பதோடு நின்றுவிடாமல், 'எவ்வளவு, எந்த விலைக்கு?' என்றும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.