வெட்டாமல் விட்டால் மட்டும் போதுமா?

கொடைக்கானல் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி போட்டோதான் காட்டுவார்கள். தூண் பாறை, ஏரியில் படகு, பைன் மரங்களுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு ஒரு போஸ். எனக்கு அந்த ஊர் டூர் இல்லை, பெரியப்பா வீடு. பள்ளி விடுமுறை எல்லாம் அங்கேதான் கழிந்தது. அந்த வீட்டு வாசலில் நின்ற ஒரு மரத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு சைப்ரஸ் மரம். நானும் அண்ணனும் கை கோர்த்துக்கொண்டு நின்றாலும் பாதிதான் அணைக்க முடியும். வெள்ளைக்காரர் காலத்து மரம் என்பார் பெரியப்பா. மூடுபனி இறங்கும் நாட்களில், வெளியே மழையே இல்லாவிட்டாலும் அதன் அடியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காற்றில் போகிற பனியை அதன் இலைகள் பிடித்து இறக்குகின்றன என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது ஒரு மாயாஜாலம்.

2015-இல் வீட்டின் ஒரு பகுதியை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட முடிவு செய்தார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும். வாசல் முழுக்க, மரத்தின் அடி வரைக்கும் சிமெண்ட் போட்டார்கள். மரத்துக்கு ஆறடி தள்ளி செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். தொடை தடிமனுக்கு வேர்கள் வந்தன. வேலைக்கு வந்தவர் கோடாலியால் வெட்டிவிட்டு, "இவ்வளவு பெரிய மரத்துக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல தம்பி" என்றார். நானும் நம்பினேன். இரண்டு வருடத்தில் மரத்தின் உச்சி காய ஆரம்பித்தது. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் உள்ளே புகுந்து எங்கள் மாவட்டத்தையும் ஒரு கை பார்த்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் எங்கு பார்த்தாலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. நான் அப்போது திண்டுக்கல்லில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பெரியப்பாவின் குரலைக் கேட்க முடிந்தது. "மரம் போயிடுச்சுப்பா. பக்கத்து வீட்டு அடுப்படி மேல சாஞ்சிருச்சு. நல்லவேளை, அந்த நேரம் உள்ள யாரும் இல்ல."

எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: "சீமை மரம், வேர் ஆழமா போகாது." ஆனால் மரம் விழுந்த திசையைப் பாருங்கள். குழி தோண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். கூடாரத்தை ஒரு பக்கத்துக் கயிறுதான் மறுபக்கம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இல்லையா? அந்தக் கயிற்றை மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களேதான் வெட்டியிருந்தோம்.

வேர் ஆழமாகப் போகாது என்பதும் சீமை மரத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை. மரத்தின் வேர் என்றாலே முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெரும்பாலான பெரிய மரங்களின் வேர்கள் மேல் மண்ணில், மூன்றடி ஆழத்துக்குள்தான் பரவுகின்றன. பக்கவாட்டில் கிளைகளின் நுனியையும் தாண்டி வெகுதூரம் போகும். தண்ணீரும் காற்றும் கிடைப்பது அந்த மேல் மண்ணில்தான். அதன் மேல் சிமெண்ட் போட்டால் தலையணையை வைத்து மூக்கை அமுக்குவது மாதிரி. 2016-இல் சென்னையில் வர்தா புயலில் விழுந்த தெருவோர மரங்கள் ஞாபகம் இருக்கிறதா? பலவற்றுக்கு அடிமரம் வரை நடைபாதைக் கல் பதித்திருந்தது. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. எங்கள் சைப்ரஸுக்கு அந்த ஒரு மீட்டர்கூடக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955-இல் வந்த மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் அதற்கான குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. நல்ல சட்டம், அது இல்லாவிட்டால் இன்று ஊருக்குள் பாதி மரம்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் மரத்தைக் கோடாலியால் வெட்டினால்தான் குற்றம் என்று நாம் புரிந்துகொண்டு விட்டோம். வேரை வெட்டலாம், மூச்சை அடைக்கலாம், அடிப்பட்டையைச் சுற்றி உரித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை போனால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். பட்டுப்போன மரத்தை வெட்டுவதற்கு யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்?

என்னுடைய வாதம் இவ்வளவுதான். வெட்டாமல் விடுவது பராமரிப்பு ஆகாது. வீட்டு வாசலில் நிற்கும் பெரிய மரம் காட்டு மரம் மாதிரி இல்லை. அதைச் சுற்றி வாழ்வது நாம்தான், அதன் மண்ணைக் கெடுப்பதும் நாம்தான். அப்படியென்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான்.

கொடைக்கானலில் என்ன தண்ணீர்ப் பஞ்சம் என்று தோன்றலாம். அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும், உண்மை. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே இருந்து பாருங்கள். பகலில் சுள்ளென்ற வெயில், ராத்திரியில் ஏரிக்கரை, ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, உதடு வெடிக்கும் வறண்ட காற்று. மழைக்காலத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருந்தால் மரம் அதை வைத்துச் சமாளிக்கும். சிமெண்ட் வாசலில் விழுந்த மழையோ சாக்கடையில் போய்விடுகிறது. மழை ஊரிலேயே மரத்துக்கு வறட்சி!

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கூரைத் தண்ணீரை மரத்தின் பக்கம் திருப்பலாம். வறண்ட மாதங்களில் எப்போதாவது ஒரு தடவை, அடிமரத்தில் ஊற்றாமல், கிளை நுனிக்கு நேர் கீழே மண் ஆழமாக நனையும்படி ஊற்றலாம். உதிர்ந்த சருகை எரிக்காமல் வேர்ப்பகுதியில் பரப்பினால் ஈரம் நிற்கும், உறைபனியின் கடுமையும் குறையும். அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்கக்கூடாது, பட்டை அழுகும். யூகலிப்டஸ் சருகு என்றால் எண்ணெய்ப்பசை உள்ளது, தீப்பிடிக்கும், வீட்டுச் சுவர்ப் பக்கம் வேண்டாம். பழைய பேரிக்காய் மரங்களில் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டுகிறார்கள். அது மரத்தை ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது, மொட்டையடிப்பது. பயத்தில் மரத்தின் தலையை வெட்டிவிடுகிறார்கள். சைப்ரஸும் பைனும் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை. யூகலிப்டஸ் துளிர்க்கும். ஆனால் புதுக்கிளைகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் அடுத்த காற்றுக்கு அவைதான் முதலில் முறியும். ஆபத்தான கிளையை மட்டும், அது அடிமரத்தோடு சேருமிடத்தில் இருக்கும் வீக்கத்தைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதும் தேவையில்லை. அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது.

"இந்த வெளிநாட்டு மரங்களே மலைக்குக் கேடு, விழுந்தால் விழட்டுமே" என்று ஒரு நண்பன் சொன்னான். அவன் சொல்வதில் பாதி உண்மை. பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் அழிந்துவிட்டது என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பங்கு வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களுக்குப் போனது. புல்வெளியில் அவை பரவுவதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஊருக்குள், வீட்டு வாசலில் நூறு வருடம் நின்ற மரத்தைக் கொல்வதால் புல்வெளி திரும்பி வந்துவிடாது, அங்கே கார்தான் நிற்கும். அயல் மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாகவே முளைத்து வருவதைப் பழனி மலையிலேயே பார்க்கிறார்கள். கிழவரை விரட்டுவதற்கு முன்னால் அவர் நிழலில் ஒரு சண்பகத்தையோ நாவலையோ வளர்த்துவிடலாமே!

அரசாங்கத்திடம் நான் கேட்பது இரண்டுதான். மலையில் வீடு கட்ட வரைபடம் கொடுக்கும்போது மரம் மட்டுமல்ல, அதன் வேர்ப்பகுதியும் குறிக்கப்பட வேண்டும். வெட்ட அனுமதி கேட்டு வரும் மரம் பட்டுப்போயிருந்தால், ஏன் பட்டது என்று பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து எழுத வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல மரங்கள் பிழைக்கும்.

போன மாதம் போயிருந்தேன். சைப்ரஸ் நின்ற இடத்தில் இப்போது இரண்டு கார் தாராளமாக நிற்கிறது. பின்பக்கம் ஒரு கிழட்டுப் பேரிக்காய் மரம் இருக்கிறது. அதைச் சுற்றியும் சிமெண்ட். நான் கடப்பாரையை எடுத்ததைப் பார்த்துப் பெரியம்மா, "என்னடா பண்ணப் போற?" என்று பதறிவிட்டார். சொன்னேன். பெரியப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சம்மட்டி இருந்தது.

மூன்றடி சுற்றளவுக்கு உடைத்திருக்கிறோம். மீதி அடுத்த லீவுக்கு. உங்கள் வீட்டு வாசலில் பெரிய மரம் இருந்தால், இன்றைக்குக் கொஞ்சம் குனிந்து அதன் காலடியைப் பாருங்கள்.