கையாற் செய்த பொற்கூடு

கைக்கடிகாரத்தைப் புகழ்வோர் அதனுள்ளே ஓடும் இயந்திரத்தைப் புகழ்வர். அன்றேல் அதன் முகத்தில் எழுதிய பெயரைப் புகழ்வர். அவ்வியந்திரத்தைத் தூசியினின்றும் ஈரத்தினின்றும் காத்து நிற்கும் கூட்டினைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. கூடு பொன்னாயின், பொன் எத்தனை மாற்று, என்ன விலை என்று வினவுவர். இதனை இயற்றிய கை யாருடையது என்று வினவார். பொற்கூட்டினைக் கையால் இயற்றுந் தொழில் அழியாமற் காக்கத்தக்கது என்பது எம் துணிபு. ஆயினும், அதனைக் காக்க வேண்டுமென்பார் கூறுங் காரணங்களிற் பெரும்பாலன பொருந்தா என்பதும் எம் துணிபேயாம். இரண்டையும் ஒருங்கே கூற வேண்டுதலின், அன்பர்கள் சிறிது பொறுத்துக் கேட்பாராக.

சட்டைப்பையில் வைத்த கடிகாரத்திற்குச் சட்டையே ஒரு காவல். மணிக்கட்டிற் கட்டியதற்கோ அக்காவல் இல்லை. வியர்வையும் புழுதியும் மழையும் அதனை நேரே தாக்கும். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில், பதுங்குகுழிகளிற் கிடந்த போர்வீரர் சிறு கடிகாரங்களுக்குக் கம்பிக் காதுகளைப் பற்றவைத்து, வாரிட்டுக் கையிற் கட்டிக்கொண்டனர். நீர்புகாக் கூட்டினை ரோலெக்ஸ் நிறுவனத்தார் 1926-இல் வெளியிட்டனர். கைக்கடிகாரம் நிலைபெற்றது இயந்திரத்தின் நுட்பத்தால் மட்டுமன்று. கூட்டின் திறத்தாலும் என்பது இவற்றால் விளங்கும்.

இனிக் கையால் இயற்றும் முறையைக் காண்போம். தூய பொன் மிக மெல்லியது, கூட்டிற்கு ஆகாது. ஆதலின் 24-இல் 18 பங்கு பொன்னும், எஞ்சியது வெள்ளியும் செம்பும் பெரும்பான்மையாகச் சேர்த்து உருக்குவர். அஃதாவது 1000-க்கு 750 பொன். செம்பு மிகின் நிறஞ் சிவக்கும். வெள்ளி மிகின் வெளிறும். உருக்கிய கட்டியைத் தட்டியும் உருளையிடை நெருக்கியும் தகடாகவும் பட்டையாகவும் ஆக்குவர். அடிபட அடிபடப் பொன் இறுகும். இறுகியதை மேலும் அடிப்பின் வெடிக்கும். ஆகவே இடையிடையே மங்கிய செந்நிறம் தோன்றுமளவு காய்ச்சி நீரிற் தோய்த்து இளக்குவர். காய்ச்சுதலாற் செம்பு கருத்து மேலே படரும். அக்கருமையை நீர் கலந்த கந்தகத் திராவகத்திலிட்டு நீக்குவர்.

பட்டையை வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, உருண்டையான இருப்புக்கோலில் ஏற்றித் தட்டி வட்டமாக்கியபின், கடைசற்பொறியிற் பிடித்துக் கடைந்தால் நடுவளையம் பிறக்கும். கண்ணாடியைத் தாங்கும் மேல்வளையமும் பின்மூடியும் அவ்வாறே தனித்தனி கடையப்படும். வாரினைத் தாங்கும் கொம்புகள் நான்கு. நான்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டுமாதலால், வடிவம் அமைந்த ஒரே நீள்கட்டியினின்று நான்கையும் அறுத்தெடுப்பதும் உண்டு. அறுத்த ஒவ்வொன்றின் அடியையும் வளையத்தின் வளைவுக்கு இயைய அரத்தால் அராவ வேண்டும். இங்கேதான் கையின் தேர்ச்சி வெளிப்படும். வெண்காரந் தடவி நெருப்பூதும்போது, உருகிய பற்றுப்பொடி நெருங்கிய இடுக்கினுள் தானே ஈர்க்கப்பட்டு ஓடும். இடைவெளி அகன்றிருப்பின் எவ்வளவு ஊதினும் ஓடாது. முதலிற் பற்றவைத்த இணைப்பு அடுத்த சூட்டில் இளகாதிருக்க, பின்னர் இடும் பொடி முன்னையதினும் குறைந்த சூட்டில் உருகுவதாதல் வேண்டும். நான்காவது கொம்பினைப் பற்றவைக்கையில் நெருப்பு ஓர் இமைப்பொழுது மிகினும் முந்திய நாட்களின் உழைப்பெல்லாம் உருண்டு ஒரு துளியாய்விடும். ‘பொடி வைத்து ஊதுதல்’ என்பதனை நம் நாட்டார் சூதான பேச்சுக்கு வழங்குகின்றனர்; உண்மையிற் பொடி வைத்து ஊதுவோனைப் போலச் சூதுக்கு இடமில்லாத தொழிலாளி வேறு யாருளர்?

நெருப்புப் பட்ட வளையம் சிறிது கோணும். ஆகையால் முதலில் மிகையாக விட்டுவைத்து, பற்றவைத்தபின் இறுதி அளவுக்குக் கடைவர். பின்மூடி நடுவளையத்தின்மேல் ‘டக்’கென்று அமர வேண்டும், தளர்ந்தால் தூசி புகும், இறுகினால் திறப்போன் தகட்டைக் கீறுவான். மயிரிழையின் தடிப்பு ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர், இம்மூடியின் பொருத்தமோ 0.01 மில்லிமீட்டர் அளவிற் கருதப்படுவது. இறுதியாக மெருகு. மெருகு தீட்டுதல் எளிதென்பர் அறியாதார். ஒளி வேண்டுமென்று மிகத் தேய்ப்பின் கொம்பின் கூரிய முனையெல்லாம் மழுங்கிச் சவர்க்காரத் துண்டு போலாகும். விழுந்த பொடியை மேசையின் கீழ்த் தொங்கும் தோலில் ஏந்தி, துடைப்பத்தாற் கூட்டிய குப்பையையும் விடாது உருக்கி மீட்பர்.

இத்துணைப் பாடு எதற்கு என்பார் உளர். கணிப்பொறி ஏவும் கடைசல் எந்திரம் பொன்கட்டியைக் குடைந்து சிறுபொழுதிற் கூட்டினைத் தருகின்றது, அளவும் பிழைபடுவதில்லை. இதனை மறுத்தல் அறிவுடைமை ஆகாது. கையாற் செய்ததே அளவில் நுண்ணிது என்போர் பொய்யுரைக்கின்றனர். கைவேலையில் ஒரு கோணலும் கீறலும் இருப்பதே அழகு என்போர் அதனினும் பெரும்பிழை செய்கின்றனர். மாஞ்செஸ்டரிற் கடிகாரத் தொழில் பயின்ற ரோஜர் ஸ்மித் என்னும் இளைஞர், 1981-இல் வெளிவந்த ஜார்ஜ் டானியல்ஸ் என்பாரின் நூலைக் கற்று, கையால் ஒரு கடிகாரம் இயற்றி, மேன் தீவில் வாழ்ந்த அவ்வாசிரியரிடமே கொண்டு காட்டினார். கூடு முதலாக ஏறக்குறைய எல்லா உறுப்பும் தாமே செய்யும் வல்லுநர் டானியல்ஸ். அவர் அதனை ஏற்கவில்லை. கையாற் செய்தமை அதிலே தெரிகின்றது என்பதே அவர் கண்ட குறை! ஸ்மித் சோராது மீண்டும் பல ஆண்டுகள் உழைத்து, 1997-இல் மற்றொன்று காட்டிய பின்னரே ஒப்புக்கொள்ளப் பெற்றார். கைவேலையின் வெற்றி கை தோன்றாமையில் உள்ளதென்பது டானியல்ஸின் அளவுகோல். யாமும் அதனையே கொள்கின்றோம்.

அங்ஙனமாயின் கையால் ஏன் செய்தல் வேண்டும்? ஒன்றே ஒன்று வேண்டியபோது எந்திரத்திற்கு வழிவகுக்கும் உழைப்பே பெரிதாகிவிடும். பழுதுற்ற பழங்கூட்டிற்கு ஒரு மூடி வேண்டின் எந்திரசாலை திரும்பியும் பாராது. மணியொலித்து நேரங்கூறும் கடிகாரத்திற்கு மூடியின் தடிப்பும் வளையத்தின் உட்குடைவும் ஒலியையே மாற்றும். அங்கே ஒரு செவியும் ஒரு கையும் கூடி வேலை செய்கின்றன. ஜெனீவாவில் வாழ்ந்த ழான்-பியேர் ஹாக்மான் இத்தகைய கூடுகளைப் படேக் பிலிப் நிறுவனத்தார்க்கு இயற்றிக் கொடுத்துப் புகழ்பெற்றார். எழுபது கடந்த முதுமையில், 2019-இல், ரெஜெப் ரெஜெபி என்னும் இளங்கடிகாரக் கலைஞரின் பட்டறையில் அவர் மீண்டும் வேலைக்கு அமர்ந்தார். கூடு செய்தற்கு மட்டுமன்று, கற்பித்தற்குமாகவே. அவர் கை அறிந்ததை எழுத்தில் எழுதி வைத்தாற் போதாதோ என்பார் பொன்னை ஊதிப் பார்த்தவர் அல்லர். சூட்டின் நிறத்தை எந்த நூல் காட்டும்? 2020-இல் சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் கடிகாரக் கைத்திறம் யுனெஸ்கோ பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நல்லதே. ஆயினும் பட்டியல் யாரையும் பட்டறையில் உட்கார்த்துவதில்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். இவை செல்வர்க்கே உரிய அணிகள். யாமோ எம் நண்பரோ அணியப்போவதில்லை. அதனால் எமக்கு அழுக்காறில்லை. ஆனால் செல்வர் கொடுக்கும் பெரும்பொருள் முகத்தில் எழுதிய பெயருக்கே போகின்றதே, அதுதான் உறுத்துகின்றது.

பொன்னின் மாற்றுக்கு முத்திரை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை. சுவிட்சர்லாந்தில் முன்னர் எல்வேசியா மங்கையின் தலையும், 1995 முதல் பெர்னார்டு நாயின் தலையும் பொறிக்கப்படுகின்றன. உடன் பொறிக்கும் எழுத்துகள் செய்தவனுடையவை என்று எண்ணுவோர் பலர். 1907 முதல் இங்கிலாந்தில் இறக்குமதியாகிய அயல்நாட்டுக் கூடுகளில் அவை பெரும்பாலும் முத்திரைச்சாலைக்கு அனுப்பிய வணிகருடைய எழுத்துகளே. ஹாக்மான் தம் மூன்றெழுத்து முத்திரையைத் தாம் செய்த கூடுகளிற் பொறித்தார். ஆராய்வோர் இன்று அதனைத் தேடிக் காண்கின்றனர். மற்றையோரின் பெயரைத் தேடுதற்கு இடமே இல்லை. கடிகாரத்தோடு கொடுக்கும் உறுதிச்சீட்டில் இயந்திரத்தின் எண்ணும் பொன்னின் மாற்றும் எழுதுகின்றனர். ‘கையாற் செய்தது’ என்று விளம்பரஞ் செய்யும் நிறுவனத்தார், அவற்றின் கீழே, கூட்டினைச் செய்தவரின் பெயரையும் ஒரு வரியில் எழுதுவாராக.