ஒரே சாலை, மூன்று சட்டங்கள்: கல்லூரி தேடும் தலித் குடும்பங்கள் கேட்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பெற்றோர் தம் பிள்ளைகளுடன் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவதைக் காணலாம். நூற்பாலையிலும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளிலும் உழைக்கும் தலித் பெற்றோர் ஒருநாள் கூலியை இழந்தே இப்பயணத்தை மேற்கொள்கின்றனர். கட்டடத்தையும் பேருந்துகளையும் வேலைவாய்ப்புப் பதாகைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆனால் பிள்ளையின் அடுத்த நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பது அந்த வளாகத்தை ஆளும் சட்டமே. இந்த ஒரே சாலையில் மூன்று வகையான சட்டநிலைகள் நிலவுகின்றன.

முதலாவது, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. 1973-இல் தொடங்கப்பட்ட ராஜூக்கள் கல்லூரி இவ்வகையைச் சேர்ந்தது. உதவி பெறும் பாடப்பிரிவுகளில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. எனினும் உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவும் அதே வளாகத்தில் இயங்குவது தமிழ்நாட்டில் வழக்கம். பாடமும் பட்டமும் ஒன்றாயிருக்க, கட்டணம் மட்டும் வேறாயிருக்கும். விண்ணப்பம் எந்தப் பிரிவுக்கு என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற சுயநிதிப் பொறியியல் கல்லூரி. 2013-இல் தொடங்கப்பட்ட ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இதற்கு எடுத்துக்காட்டு. சிறுபான்மையினர் நடத்தாத இவ்வகைக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களை அரசின் கலந்தாய்வுக்கு அளிக்க வேண்டும். அவற்றில் சமூக இடஒதுக்கீடு உண்டு; அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடும் உண்டு. அந்த 7.5 விழுக்காட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எஞ்சிய நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களில் சேர்ந்தால், போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைகூடக் கிடைக்காது. “கலந்தாய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே இடம் தருகிறோம்” என்று முகவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். கையெழுத்திடும் அந்த ஒரு நிமிடத்தில், ஒரு குடும்பம் தன் உரிமையைக் கடனாக மாற்றிக்கொள்கிறது.

மூன்றாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-இல் இத்தகுதியைப் பெற்றது. நடைமுறையில் மாநிலக் கலந்தாய்வோ, 69 விழுக்காடோ, 7.5 விழுக்காடோ இவ்வகை நிறுவனங்களின் சேர்க்கையை ஆள்வதில்லை. இந்த இடைவெளி தானாக உருவானதல்ல. அரசு நிதி பெறாத தனியார் நிறுவனங்கள்மீது இடஒதுக்கீட்டைச் சுமத்த முடியாது என 2005-இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு விடையாக நாடாளுமன்றம் 93-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் 15(5) பிரிவைச் சேர்த்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவைச் செல்லுமென ஏற்றது. ஆயினும், அப்பிரிவைத் தனியார் உயர்கல்வியில் செயல்படுத்தும் சட்டத்தை ஒன்றிய அரசு இயற்றவில்லை. அதை இயற்றுமாறு கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. சட்டம் வரும்வரை, இத்தகைய வளாகங்களில் தலித் மாணவருக்கு இடம் ஒதுக்குவதும் கட்டணத்தைக் குறைப்பதும் நிர்வாகத்தின் விருப்பமாகவே இருக்கும். விருப்பத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க இயலாது. உரிமை மறுக்கப்பட்டால் இயலும்.

அடுத்தது வாசலில் உள்ள பெயர். இராஜபாளையம், விருதுநகர், அருப்புக்கோட்டை எனப் பழைய கல்லூரிகள் பலவும் சாதிப்பெயரைத் தாங்கியே நிற்கின்றன. கல்வி நிறுவனங்களின் பெயரிலிருந்து சாதியை நீக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. அச்சமூகங்கள் பணம் திரட்டிக் கல்லூரி கட்டியதும், அவற்றில் தலித்துகள் பலர் படித்துப் பட்டம் பெற்றதும் மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அங்கு ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் அரசு ஊதியத்தில், சேரியில் வாழ்பவர் செலுத்தும் வரியும் கலந்திருக்கிறது. பொதுப்பணத்தில் இயங்கும் வாசலுக்கு ஒரு சாதியின் பெயர் எதற்கு? 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ எனப் பெயர் சூட்டப்பட்டது. அதை வரவேற்போம். கழிப்பறைக்குக் கதவும் சமையலறைக்குத் தரமான அரிசியும் வந்துவிட்டனவா என்பதையும் அதே மூச்சில் கேட்போம்.

பெயர் மாறிய பின்னும் வகுப்பறைக்குள் சாதி இருக்கும். ரோஹித் வெமுலா 2016-இலும், பாயல் தட்வி 2019-இலும் உயிரிழந்தபோது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகள் நடைமுறையில்தான் இருந்தன. சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டுமென அவை கூறுகின்றன. அவ்விதிகளைச் செயல்படுத்தக் கோரி அவ்விருவரின் தாய்மார்களே உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறும் மோதிரமும் சாதி அடையாளமாக மாறியதை அந்த அறிக்கை பதிவுசெய்தது. பள்ளியில் கயிறு கட்டிய கை, மூன்று மாதம் கழித்துக் கல்லூரி மேசையில் வந்து அமர்கிறது.

ஆகவே, கல்லூரி பார்க்கச் செல்லும் நாளில் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். பெற்றோர் அலுவலகத்தில் கேட்கட்டும்: இது கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா? குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பதால், உதவித்தொகை வரும்வரை கட்டணம் கேட்காமல் சேர்ப்பீர்களா? அதை எழுதித் தருவீர்களா? பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் யார்? அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்பதை மானியக் குழு 2018-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அவற்றை ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம். பிள்ளையோ அந்நேரத்தில் விடுதிக்கும் உணவகத்துக்கும் செல்லட்டும். நம் தெருக்களிலிருந்து சென்று அங்கே படிக்கும் அக்காக்களிடமும் அண்ணன்களிடமும் பேசட்டும். யார் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள், கட்-ஆஃப் மதிப்பெண்ணை ஏன் கேட்கிறார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். எந்தக் கையேட்டிலும் அது அச்சிடப்படுவதில்லை.

கல்லூரியில் பயிலும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒவ்வொரு மே மாதமும் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு அமருங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் உரிய நாளில் கிடைக்க உடன் செல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதைச் சொல்லுங்கள். முகவர் வந்து கதவைத் தட்டும் முன் நாம் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.